கோபுரத்திலிருந்து இறங்கும் பீர்

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷைர் மாவட்டத்தின் வடகோடியில், பான்பரி நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 13 கிலோமீட்டரில் இருக்கிறது ஹுக் நார்ட்டன். இரண்டாயிரம் பேர் அளவுக்கு வாழும் ஊர். இரும்புச் சத்து ஏறிய பழுப்புக் கல்லில் கட்டிய வீடுகள், நார்மன் காலத்துத் தேவாலயம், சுற்றிலும் பார்லி விளையும், ஆடு மேயும் மேட்டு நிலம். பத்தாம் நூற்றாண்டில் டேனியப் படையினர் வந்து கொள்ளையடித்த ஊர்களில் ஒன்றாக ஆங்கிலோ சாக்சன் ஆண்டுக் குறிப்புகளில் இதன் பெயர் இருக்கிறது. இன்று அந்தப் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டு செல்வது, ஊரின் மேற்கு முனையில் ஒரு சந்து போய் முடியும் இடத்தில் நிற்கும் ஆறு மாடிக் கட்டடம். செங்கல், பழுப்புக் கல், மரப்பலகை, வார்ப்பிரும்பு, பலகைக்கல் கூரை என்று ஒவ்வொரு மாடியும் ஒவ்வொரு பொருளில் எழும்பியிருக்கும். ஒரு கிராமத்துக்கு இது அளவு மீறிய உயரம். அதற்குள் 1849இல் தொடங்கிய ஒரு தொழில் இன்னும் நடக்கிறது. தொடங்கியவரின் ஐந்தாம் தலைமுறை அதை நடத்துகிறது.

1900ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. 1970களின் தொடக்கத்தில் இருநூறு கூட மிஞ்சவில்லை. காணாமல் போனவற்றில் பெரும்பாலானவை ஹுக் நார்ட்டனைப் போன்ற சிற்றூர், சிறுநகர ஆலைகள்தான். ஆகவே இந்த ஒன்றின் கதையைச் சொன்னால், அழிந்த ஆயிரக்கணக்கான ஆலைகள் எப்படி இருந்தன என்பதையும் சொன்னதாகும்.

முளையிலிருந்து தொடக்கம்

ஜான் ஹாரிஸ் முதலில் பீர் காய்ச்ச வந்தவர் இல்லை. 1849இல் அவர் இந்த ஊரில் ஒரு பண்ணையை எடுத்து, அங்கே பார்லியை முளைகட்டி மால்ட் தயாரித்து விற்றார். பீர் தொழிலில் மால்ட்காரர்தான் முதல் ஆள். காரணம் தானியத்தின் இயல்பிலேயே இருக்கிறது.

பனையிலும் தென்னையிலும் இறக்கும் பதநீரில் சர்க்கரை முன்கூட்டியே கரைந்திருக்கிறது. பானையில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால், காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட் தானாகவே வேலையைத் தொடங்கிச் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். தானியத்தில் அப்படிச் சர்க்கரை இல்லை. மாவுச்சத்துதான் இருக்கிறது, ஈஸ்ட்டால் மாவுச்சத்தைத் தின்ன முடியாது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளைத் தானியமே உண்டாக்கும் ஒரே தருணம், அது முளைக்கும் தருணம். முளைகட்டிய கேழ்வரகில் காய்ச்சிய கஞ்சி லேசாக இனிப்பதும், கட்டியாகாமல் இளகி நிற்பதும் இதே காரணத்தால்தான்.

பார்லியை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, நீளமான தாழ்வான கட்டடத்தின் கல்தரையில் சாண் உயரத்துக்கும் குறைவாகப் பரப்புவார்கள். முளைவிடும் தானியம் சூடாகும். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதனால் பகலிலும் இரவிலும் மரத்துடுப்பால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாரம் ஆனதும், முளை முழு நீளத்துக்கு வளர்ந்து மாவையெல்லாம் தின்றுவிடுவதற்குள், சூளையில் இட்டு உலர்த்தி அதன் வளர்ச்சியை நிறுத்துவார்கள். வறுக்கும் சூட்டைப் பொறுத்து வைக்கோல் நிறத்திலிருந்து காப்பிக்கொட்டை நிறம் வரை மால்ட் கிடைக்கும், பீரின் நிறமும் அதிலிருந்தே வரும். தரையில் பரப்பும் முறை குளிர்காலத்தில் மட்டுமே கைகூடும். வெயில் காலத்தில் தானியம் கட்டுக்கு அடங்காமல் முளைத்துப் பூசணம் பிடிக்கும். அறுவடை முடிந்த பண்ணையாட்களுக்குப் பனிக்கால வேலையாக இது அமைந்தது இப்படித்தான். பண்ணையும் மால்ட் கொட்டகையும் ஒரே ஆள் கையில் இருப்பது அந்தக் காலக் கிராமங்களில் வழக்கம்.

அரசாங்கத்தின் கண்ணும் அப்போது மால்ட் மேல்தான் இருந்தது. 1697 முதல் 1880 வரை பிரிட்டனில் மால்ட்டுக்கு வரி. சுங்க அதிகாரி வந்து ஊறல் தொட்டியையும் தானியக் குவியலையும் அளந்துவிட்டுப் போவார். மால்ட் தயாரிப்பவர் அதை நேராகப் பீராக்கி விற்றால் லாபம் கூடும் என்ற கணக்கு, ஊருக்கு ஊர் பலரைக் காய்ச்சும் தொழிலுக்குத் தள்ளியது. ஹாரிஸின் கணக்கேட்டில் பீர் காய்ச்சியதற்கான முதல் பதிவு 1856ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஆண்டிலிருந்துதான் ஹுக் நார்ட்டன் பீர் என்று ஒன்றைப் பேச முடியும்.

விற்பதற்கு இடம் வேண்டும். 1830இல் வந்த பீர்க்கடைச் சட்டம், இரண்டு கினி உரிமக் கட்டணம் செலுத்தும் வீட்டுக்காரர் எவரும் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்று திறந்துவிட்டிருந்தது. சில ஆண்டுகளுக்குள் கிராமத்துத் தெருக்களில் ஆயிரக்கணக்கான பீர்க்கடைகள் முளைத்தன. 1869இல் சட்டம் இறுகியது, புதிய உரிமம் கிடைப்பது அரிதானது. அதன் பிறகு உரிமம் உள்ள கட்டடத்தை வாங்கி வைத்துக்கொண்டவருக்கே சந்தை என்ற நிலை வந்தது. ஹாரிஸ் தன் முதல் பப்பான ‘பேர் ட்ரீ’யை வாங்கியது அதே 1869இல். ஆலைக்குப் போகும் சந்தின் முனையில் இருக்கும் அந்தப் பப் இன்றும் ஆலைக்குச் சொந்தம். ஆலை பப்பை வைத்திருக்கும், நடத்துபவர் அந்த ஆலையின் பீரையே வாங்கி விற்பார். ஆங்கிலேயர் இதைக் ‘கட்டுண்ட வீடு’ என்பார்கள். இந்த ஏற்பாட்டைக் குறைசொல்ல நிறையக் காரணங்கள் உண்டு. ஆனாலும் ஒரு சிறிய ஆலைக்குத் தன் பீரை வாங்க நாளை யாராவது வருவார்களா என்ற கவலையை இது ஒன்றுதான் தீர்த்தது.

ரயில் பாதையும் தாகமும்

1870களிலிருந்து ஹுக் நார்ட்டன் மாறத் தொடங்கியது. பான்பரியையும் செல்ட்டன்ஹாமையும் இணைக்கும் ரயில் பாதை இந்த ஊர் வழியாகப் போவதாக முடிவானது. ஊருக்குத் தெற்கே இருக்கும் பள்ளத்தாக்கைக் கடக்க இரண்டு நெடும் பாலங்கள் கட்ட வேண்டியிருந்தது. மண் வெட்டவும் கல் அடுக்கவும் நூற்றுக்கணக்கான கூலியாட்கள் வந்து இறங்கினார்கள். ‘நாவி’ என்று அழைக்கப்பட்ட இந்தப் பாதைக் கூலிகளின் வேலை இடுப்பொடியும் வேலை, கூலியில் ஒரு பங்கு பீருக்குப் போனது. 1887இல் பாதை திறக்கப்பட்டது. அதற்குள் ஹாரிஸின் ஆலை பண்ணை வீட்டின் பக்கக் கொட்டகை என்ற நிலையைத் தாண்டிவிட்டிருந்தது.

கூலியாட்கள் போன பிறகும் தாகம் குறையவில்லை. ஊரைச் சுற்றியிருந்த இரும்புக்கல்லை வெட்டி ரயிலில் அனுப்பும் சுரங்கங்கள் திறந்தன. வேல்ஸைச் சேர்ந்த பிரிம்போ இரும்பு நிறுவனம் 1946 வரை இங்கே கல் வெட்டியது. விவசாயக் கூலிகள் மட்டுமே இருந்த ஊருக்கு, வாரக் கூலி கையில் வாங்கும் சுரங்கத் தொழிலாளர்கள் சேர்ந்தார்கள். ரயில் இன்று இல்லை. 1951இல் பயணிகள் வண்டி நின்றது, 1958இல் மண் சரிந்ததோடு அந்தப் பாதையும் அறுந்தது. பாலங்களின் கல்தூண்கள் மட்டும் மேலே எதையும் தாங்காமல், மரங்களுக்கு நடுவே தலைதூக்கி நிற்கின்றன. ஊருக்கு ஆலையைப் பெரிதாக்கிக் கொடுத்த ரயில், ஆலை இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே மறைந்துவிட்டது.

பாதை திறந்த அதே 1887இல் ஜான் ஹாரிஸ் இறந்தார். மகனும், பின்னர் குடும்ப உறவினரான ஆல்பன் கிளார்க்கும் தொழிலைப் பார்த்தார்கள். இன்று ஆலையை நடத்தும் கிளார்க் குடும்பம் பெண்வழியில் ஹாரிஸின் பரம்பரை. 1900இல் அது ஹுக் நார்ட்டன் பீர் கம்பெனி என்று வரையறுக்கப்பட்ட நிறுவனமானது. இன்று காணும் கோபுரம் கட்டி முடிந்ததும் அதே காலகட்டத்தில்தான்.

கோபுரம் எதற்கு

கோபுரத்தை வடிவமைத்தவர் வில்லியம் பிராட்ஃபோர்டு. விக்டோரியா காலத்தில் பீர் ஆலைகளை வடிவமைப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட கட்டடக் கலைஞர். சசெக்ஸில் லூயிஸ் நகரத்து ஆற்றங்கரையில் நிற்கும் ஹார்வீஸ் ஆலையும் அவர் கை பட்டதே. வார்ப்பிரும்புக் கம்பி வேலை, கூம்புக் கூரை, பல நிறக் கல் என்று பார்ப்பவர் கண்ணுக்கு விருந்து வைப்பது அவர் பாணி. ஆனால் அந்த அழகுக்கு உள்ளே இருப்பது கறாரான பொறியியல்.

மின்சாரம் வராத காலத்தில் ஆயிரக்கணக்கான லிட்டர் கொதிநீரை ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்கு மாற்றுவது பெரும்பாடு. ஒவ்வொரு முறையும் பம்பு போட்டால் நிலக்கரி செலவு, ஆள் செலவு. அதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே ஒரு முறை உச்சிக்கு ஏற்றிவிட்டு, பிறகு மாடி மாடியாகத் தானாக இறங்க விடுவதுதான் கோபுர ஆலையின் உத்தி. புவியீர்ப்பு கூலி கேட்பதில்லை.

ஆலைக்குச் சொந்தமான கிணற்றுத் தண்ணீர் உச்சி மாடித் தொட்டிக்கு ஏறும். மால்ட் மூட்டைகள் சங்கிலி ஏற்றத்தில் மேலே போகும். அங்கிருந்து மால்ட் அரைவை இயந்திரத்தில் விழுந்து உடைபடும். மாவாக அரைக்கக் கூடாது, உமி முழுசாக இருக்க வேண்டும். பிறகு சாறு வடியும்போது அந்த உமிதான் வடிகட்டியாக நிற்கும். உடைந்த மால்ட்டும் 65 டிகிரி செல்சியஸைச் சுற்றிய சூட்டில் வெந்நீரும் கீழ் மாடியில் உள்ள பெரிய மூடிய கலத்தில் ஒன்றாக விழும். கையில் எடுத்துப் பார்த்தால் கெட்டியான கூழ் போல இருக்கும். முளைத்தபோது உண்டான நொதிகள் இந்தச் சூட்டில் வேகமாக வேலை செய்து, ஒன்றரை மணி நேரத்துக்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். சூடு சில டிகிரி ஏறினால் பீர் கெட்டியாகவும் இனிப்பாகவும் முடியும், இறங்கினால் ஒல்லியாகவும் வறண்டும் முடியும். காய்ச்சுபவரின் கைத்திறன் பெரும்பாலும் இந்த ஒரு கட்டத்தில்தான் தெரியும்.

இனிப்புச் சாறு அடியிலுள்ள துளைத் தட்டு வழியாகக் கீழே இறங்கும். மேலே நிற்கும் சக்கையின் மீது வெந்நீரைத் தூவி மிச்ச சர்க்கரையையும் கழுவி எடுப்பார்கள். மணமுள்ள, ஈரமான, இன்னும் ஆவி பறக்கும் அந்தச் சக்கையை ஆட்கள் மண்வாரியால் அள்ளி வெளியேற்றுவார்கள். பக்கத்துப் பண்ணை மாடுகளுக்கு அது தீவனம். சாறு கொதிகலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கும். அப்போதுதான் ஹாப்ஸ் சேரும். கொடியில் பூக்கும், பச்சைக் கூம்பு போன்ற பூ அது. கசப்பும் மணமும் தருவதோடு கெடாமல் காக்கும் வேலையையும் செய்கிறது. ஃபகிள், கோல்டிங், சேலஞ்சர் ஆகிய ஆங்கிலேய வகைகள் இந்த ஆலையின் வழக்கம். மால்ட்டில் மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி ரகத்துக்கு இங்கே மதிப்பு. 1960களில் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய அந்த ரகம் விளைச்சலில் புதிய ரகங்களிடம் தோற்றுப் போனது. ஆனாலும் சுவைக்காகச் சிறு ஆலைகள் கூடுதல் விலை தந்து அதைப் பயிரில் நிலைக்க வைத்திருக்கின்றன.

கொதித்த சாற்றை வேகமாகக் குளிர்விக்க வேண்டும். பழைய முறையில் அதை அகலமான, ஆழமில்லாத திறந்த தொட்டியில் பரப்புவார்கள். அந்த மாடியின் சுவர்களில் சன்னல்களுக்குப் பதில் மரத்தட்டிகள் இருக்கும், குளிர்காற்று உள்ளே புகுந்து ஆவியை அடித்துக்கொண்டு போகும். தூரத்திலிருந்து பார்க்கும் கோபுரத்துக்குத் தனித் தோற்றம் தருபவை அந்தத் தட்டிகள்தான். அதன் பிறகு நொதிக்கும் கலங்கள். சுமார் 20 டிகிரியில் ஈஸ்ட் சேர்த்தால் ஒரே நாளில் மேலே பழுப்பும் வெள்ளையுமாக நுரை எழும்பித் தலையணை போல உயரும். சில நாளில் அந்த நுரையை வழித்து எடுத்து, அடுத்த காய்ச்சலுக்கு விதையாக வைப்பார்கள். உறைமோரை எடுத்து வைப்பதற்கு ஒப்பான வேலை. ஒரு வாரம் போனால் பீர் அடிமாடிக்கு இறங்கிப் பீப்பாயில் அடைபடும். சாராயத்தைப் போல ஆவியாக்கி வடிக்கும் வேலை இதில் எங்கும் இல்லை. ஹுக் நார்ட்டனின் அன்றாட பீரான ‘ஹூக்கி’யில் ஆல்கஹால் 3.5 சதவீதம்தான். மாலை முழுக்க உட்கார்ந்து பேசிக்கொண்டே குடிப்பதற்கென்று வகுத்த பானம் அது. ‘ஹூக்கி’ என்பது ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்கு வைத்திருக்கும் செல்லப் பெயர்.

இத்தனைக்கும் நடுவே ஒரே ஒரு இயந்திரம் கோபுரத்தை இயக்கியது. 1899இல் பர்ட்டன் நகரத்து பக்ஸ்டன் அண்ட் தார்ன்லி நிறுவனத்திடம் வாங்கிய 25 குதிரைத்திறன் நீராவி இயந்திரம் அது. தண்ணீரை மேலே தள்ளியது, மூட்டையை ஏற்றியது, மால்ட்டை உடைத்தது எல்லாம் அதுவே. சக்கரத்திலிருந்து தோல் பட்டைகளும் இரும்புத் தண்டுகளும் மாடி மாடியாக அந்தச் சுழற்சியைக் கொண்டு சென்றன. மற்ற ஆலைகள் மின்மோட்டாருக்கு மாறி, பழைய இயந்திரங்களை எடைக்குப் போட்ட பிறகும் இங்கே அது ஓடிக்கொண்டிருந்தது. 2006 வரை அன்றாட வேலை செய்தது. பிரிட்டிஷ் பீர் ஆலைகளில் அவ்வளவு காலம் உழைத்த நீராவி இயந்திரம் வேறில்லை என்றே கருதப்படுகிறது. நன்றாகப் பராமரித்த இயந்திரத்தை மாற்றக் காரணம் தோன்றவில்லை என்பதே அதன் நீண்ட ஆயுளுக்கு நேர்மையான விளக்கம்.

இயந்திரம் வந்த பர்ட்டன் நகரம், அந்தக் காலத்தில் உலகின் பீர்த் தலைநகரம். ஹாப்ஸ் மிகுதியாகச் சேர்த்த பர்ட்டன் பீர், பீப்பாய்களில் கப்பலேறி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம் செய்து கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்து இறங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் குடித்த அந்தப் பீர்தான் பின்னாளில் ‘இந்தியா பேல் ஏல்’ என்று பெயர் பெற்றது. ஹுக் நார்ட்டன் அந்தப் பாதையில் போகவில்லை. அதன் பீர் போன தூரம், காலையில் வண்டி கட்டிய குதிரை மாலைக்குள் திரும்பி வரும் தூரம். அந்த எல்லைதான் பின்னாளில் அதைக் காப்பாற்றியது.

தண்ணீர் கலந்த ஆண்டுகள்

முதல் உலகப் போர் பீருக்கு ஒரு பெரிய வெட்டு. ஆயுதத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் போகிறார்கள் என்ற கவலையில் 1915இல் மதுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. பப்கள் பிற்பகலில் மூட வேண்டும் என்ற விதி அப்போது வந்து 1988 வரை நீடித்தது. தானியம் உணவுக்குத் தேவை என்று மால்ட்டின் அளவையும் அரசு வெட்டியது. 1914இல் ஒரு பீப்பாய்க்கு 7 ஷில்லிங் 9 பென்ஸ் இருந்த வரி, 1920இல் 100 ஷில்லிங் ஆனது. சாற்றின் சராசரி அடர்த்தி 1052லிருந்து 1918இல் 1030 அளவுக்கு விழுந்தது. தண்ணீரின் அடர்த்தி 1000 என்று கொண்டால், பீர் எவ்வளவு மெலிந்தது என்பது விளங்கும். கறுத்து வறுத்த மால்ட்டில் செய்யும் கெட்டியான ‘டபுள் ஸ்டவுட்’டை ஹுக் நார்ட்டன் 1917இல் நிறுத்தியது. அது மறுபடி பீப்பாயில் ஏற 1996 ஆயிற்று.

முதல் போருக்குப் பின் பீர் பழைய பலத்துக்கு முழுதாகத் திரும்பவே இல்லை. நாட்டுப்புறத்தில் ஆள் குறைந்தது, டிராக்டர் வந்தது, அறுவடைக் கூலியோடு பீரும் தரும் வழக்கம் ஒழிந்தது. இரண்டாம் உலகப் போரில் பீருக்குப் பங்கீட்டு அட்டை வைக்கவில்லை, தண்ணீர் மட்டும் கூடியது. நூற்றுக்கணக்கான ஊர் ஆலைகள் இந்தக் காலத்தில்தான் பெரிய நிறுவனங்களுக்கு விலை போயின. வாங்கியவர்கள் பெரும்பாலும் பப்களைத்தான் விரும்பினார்கள். ஆலையைப் பூட்டிவிட்டுத் தங்கள் பீரை அந்தப் பப்களில் இறக்கினார்கள்.

ஹுக் நார்ட்டன் விற்கவில்லை. இதற்குப் பிடிவாதம் ஒரு காரணம், பங்குகள் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது இன்னொரு காரணம். அதற்கு மேலாகவும் ஒன்று உண்டு. பெருநகரச் சந்தைகளிலிருந்து ஒதுங்கி, சிறிய கிராமத்துப் பப்கள் சிலவற்றோடு இருந்த ஆலை, பெரிய நிறுவனங்களின் கண்ணை உறுத்தவில்லை. பணம் குவிந்திருந்தால் 1950களிலேயே கோபுரத்தை இடித்து எஃகுத் தொட்டிகள் வைத்திருப்பார்கள். அந்தப் பணம் இல்லாததால் மரத்தட்டியும் நீராவியும் தப்பின. இன்று பாரம்பரியம் என்று போற்றப்படுவது அன்று சிக்கனமாகத்தான் இருந்தது.

உயிருள்ள பீருக்காக ஒரு இயக்கம்

1960களின் முடிவில் ஆறு பெருநிறுவனங்கள் பிரிட்டிஷ் பீர்ச் சந்தையின் பெரும்பகுதியைப் பிடித்திருந்தன: பாஸ் சாரிங்டன், அலைட், விட்பிரெட், வாட்னி மான், கரேஜ், ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில். அவை பரப்பிய பீரை வடிகட்டி, சூடேற்றி, ஈஸ்ட்டைக் கொன்று, கரியமில வாயு ஏற்றி உலோகக் கலத்தில் அடைத்தார்கள். தூரம் போனாலும் கெடாது, பாதாள அறையில் யாரும் கவனிக்க வேண்டாம், எங்கே குடித்தாலும் ஒரே சுவை. வியாபாரத்துக்கு வசதியான பீர்.

பழைய பீப்பாய் பீர் அப்படி இல்லை. அதில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. ஆலையை விட்டுப் புறப்பட்ட பிறகும் பீப்பாய்க்குள் இரண்டாம் முறை மெல்ல நொதிக்கிறது. ஒன்பது காலன், அதாவது சுமார் 41 லிட்டர் கொண்ட பீப்பாய்க்கு ‘ஃபெர்கின்’ என்று பெயர். பப்பின் பாதாள அறையில் 12 டிகிரி அளவு குளிரில் அதைப் படுக்கவைத்து ஆடாமல் ஆப்பு வைப்பார்கள். மேல் துளையில் மென்மரக் குச்சி ஒன்றைத் தட்டி இறக்கினால், அதன் நார்களின் வழியே வாயு சீறி நுரைத்துக்கொண்டு வெளியேறும். பீர் அடங்கும் வரை, ஒரு நாளோ இரண்டு நாளோ, பப்காரர் குச்சியைத் துடைத்துத் துடைத்து மாற்றுவார். நுரை ஓய்ந்ததும் வாயு மேலும் வெளியேறாதபடி கடினமரக் குச்சி போடுவார். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை ஈஸ்ட்டை அடியில் படியவைக்கும். பிறகு முகப்பில் மரச்சுத்தியலால் ஒரே அடியில் குழாயை ஏற்றுவார். இரண்டாவது அடி தேவைப்பட்டால் தரையெல்லாம் பீர்தான். அதன் பின் மூன்று நாளில் குடித்துத் தீர்க்க வேண்டும். மேலே மேடையில் இருக்கும் நீண்ட கைப்பிடியை இழுத்தால், வாயு அழுத்தம் எதுவும் இல்லாமல், கை பலத்திலேயே பீர் ஏறி வரும். இந்தக் கவனம் தவறினால் நல்ல ஆலையின் பீரும் புளித்த தண்ணீராகிவிடும். பீப்பாய் பீரில் பாதி வேலையை ஆலை செய்கிறது, மீதியைப் பப் செய்கிறது.

1971இல் அயர்லாந்துக்கு விடுமுறை போன நான்கு இளைஞர்கள், தங்கள் நாட்டில் இந்தப் பீர் அழிந்துகொண்டிருக்கிறதே என்று பேசிப் பேசி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் ‘கேம்ரா’ என்ற சுருக்கப் பெயரில் வளர்ந்த உண்மை பீர் இயக்கம். பீப்பாய்க்குள் இரண்டாம் முறை நொதித்து, வெளி வாயு சேராமல் பரிமாறப்படுவதே உண்மையான பீர் என்று அது வரையறுத்தது. 1974 முதல் நல்ல பீர் கிடைக்கும் பப்களின் வழிகாட்டி நூல் வெளியிட்டது. பத்து ஆண்டுக்குள் பல்லாயிரம் பேர் உறுப்பினரானார்கள். நுகர்வோர் ஒன்றுசேர்ந்து ஒரு தொழிலின் போக்கைத் திருப்பியதற்கு ஐரோப்பாவில் இதைவிடத் தெளிவான உதாரணம் காட்டுவது கடினம்.

மாறாமலே இருந்துவிட்ட ஹுக் நார்ட்டன் திடீரென்று மக்கள் தேடி வரும் இடமானது. நீராவி இயந்திரமும், கோபுரமும், கைப்பிடி பீரும் இயக்கத்தினர் கனவு கண்ட எல்லாமும் ஒரே சந்தின் முடிவில் கிடைத்தன. லண்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் வேறு யாருக்கும் கட்டுப்படாத பப்கள் இந்தப் பீரைக் கேட்டு வாங்கின. 1977இல் 4.6 சதவீத ஆல்கஹால் கொண்ட ‘ஓல்டு ஹூக்கி’ வந்து ஆலையின் அடையாளமாகவே ஆனது. 1985இல் ஷையர் குதிரைகள் மறுபடி ஆலைக்கு வந்தன. ஏறக்குறைய ஒரு டன் எடை, குளம்பின் மேல் பட்டு நூல் போல முடி தொங்கும் கால்கள். அவை இழுக்கும் வண்டியில்தான் இன்றும் பக்கத்துப் பப்களுக்குப் பீப்பாய்கள் போகின்றன. லாரியைவிட மெதுவாகத்தான் போகும், ஆனால் சில மைல் வட்டத்துக்குள் இது இன்னும் நடைமுறையில் ஓடும் வண்டி.

சட்டமும் பிறகு சிறியவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. 1989இல் வந்த பீர் ஆணைகள், இரண்டாயிரத்துக்கு மேல் பப்கள் வைத்திருந்த ஆலைகளின் பிடியைத் தளர்த்தின. 2002இல் சிறு ஆலைகளுக்கு வரிச் சலுகை வந்தது, ஆண்டுக்கு 5,000 ஹெக்டோலிட்டருக்குள் காய்ச்சுபவர் அப்போது பாதி வரி கட்டினால் போதுமாயிருந்தது. அதன் பிறகு தொழிற்பேட்டைக் கொட்டகைகளிலும் பண்ணைக் களஞ்சியங்களிலும் நூற்றுக்கணக்கான குட்டி ஆலைகள் திறந்தன. ஹுக் நார்ட்டன் போன்ற பழைய குடும்ப ஆலைகளின் நிலைமைதான் இதில் இடைஞ்சலானது. முழுச் சலுகையின் வரம்பைத் தாண்டிய அளவு, பெருநிறுவனங்களோடு மோத முடியாத அளவு. இருபுறமும் நெருக்கும் இந்த இடைவெளியில் ஒரு பழைய ஆலையை நடத்துவது, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிடக் கஷ்டமான வேலை.

சொந்தப் பப்களே இன்றும் அடிப்படை வருமானம். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றுக்காக நாடு முழுவதும் பப்கள் மூடியபோது, மூன்று நாள் ஆயுள் கொண்ட பீப்பாய் பீர்தான் முதலில் அடிபட்டது. பாதாள அறைகளில் இருந்த பீரைச் சாக்கடையில் ஊற்ற வேண்டியதாயிற்று. போத்தலும் வீட்டு விநியோகமும் சில ஆலைகளைத் தாங்கின, வேறு சில அப்போதே மூடின. பழைய குடும்ப ஆலைகளில் பல கடந்த இருபது ஆண்டுகளில் கைமாறியும் விட்டன.

ஆலை நடக்கிறது. மால்ட் தயாரிப்பு இங்கே நின்று வெகுகாலம் ஆயிற்று. ஜான் ஹாரிஸ் தொழில் தொடங்கிய மால்ட் கட்டடத்தில், 150 ஆண்டு நிறைவில் 1999ஆம் ஆண்டு அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய காய்ச்சல் கணக்கேடுகளும், பீப்பாய் செய்பவரின் உளிகளும், அந்தக் காலப் போத்தல்களும் அங்கே இருக்கின்றன. கோபுரத்துக்குள் மின்மோட்டார்கள் வந்துவிட்டன. ஆனாலும் குறிப்பிட்ட சனிக்கிழமைகளில் கொதிகலனில் நீராவி ஏற்றுவார்கள். எண்ணெய் போட்ட பித்தளைக் கிண்ணங்கள் பளபளக்க, 1899ஆம் ஆண்டின் சக்கரம் முதலில் தயங்கி, பிறகு சீராகச் சுழலும். பட்டைகள் அசையும், மேல் மாடித் தண்டுகள் ஒவ்வொன்றாக உயிர் பெறும். கீழே வாசலில் குதிரைகளுக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருப்பார்கள்.